எண்ணெயும் மின்சாரமும்: ஐ.டி.ஐ. சேரும் நம் பிள்ளைகளுக்காக



பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் நமது டிரஸ்ட் அலுவலகத்தில் கல்வி உதவிக்கான நேர்காணல் நடத்துகிறோம். ஒவ்வோர் ஆண்டும் ஒரே காட்சிதான். பையனுக்கு ஐ.டி.ஐ.யில் சேர ஆசை, பெற்றோருக்கு மனமில்லை. "டிகிரி இருந்தாத்தானே பாய் நல்ல எடத்துல பொண்ணு குடுப்பாங்க" என்றார் ஒரு தாய். அவரைக் குறை சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் கையில் சான்றிதழ் இல்லாமல் காண்ட்ராக்டரிடம் நாள் கூலிக்குப் போகும் பிள்ளைகளைத்தான் அவர் பார்த்திருக்கிறார். ஆனால் அதே ஆலையில் மெஷின் நின்றுபோனால் ஓர் ஆளைத் தேடி ஓடுகிறார்களே, அந்த ஆளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

நம் மாவட்டத்தில் இரும்பு உருட்டாலைகள், பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட்டுகள், பிரஸ் ஷாப்புகள் ஏராளம். திருவள்ளூர் அருகே, முன்பு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வசமிருந்த கேட்டர்பில்லர் ஆலையில் சுரங்கங்களில் ஓடும் ராட்சத டிப்பர்கள் தயாராகின்றன. இவற்றிலெல்லாம் தூக்குகிற, அழுத்துகிற வேலையைப் பெரும்பாலும் ஹைட்ராலிக்ஸ்தான் செய்கிறது. எப்போது தூக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று உத்தரவு போடுவது மின்சாரம்.

ஹைட்ராலிக்ஸ் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மூடிய குழாயில் நிரம்பிய எண்ணெயை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் சொன்ன இந்த விதி பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. கார் டயரில் ஏறத்தாழ 2 பார் அழுத்தம் இருக்கும். ஹைட்ராலிக் குழாயில் 150 பார் என்பது சாதாரணம். அந்த அழுத்தத்தை 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிண்டருக்குக் கொடுத்தால் சுமார் 12 டன் பாரத்தைத் தூக்கிவிடும். (பம்பையும் வால்வையும் பற்றி 1206லேயே படம் போட்டு நூல் எழுதியவர் அல்-ஜஸரி. மேடைகளில் அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவர் கைத்தொழில்காரர் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.)

எங்கள் உதவியில் ஃபிட்டர் படித்த மாணவர் ஒருவர் அப்ரண்டிஸாக இருந்த இடத்தில், ஒருநாள் பிரஸ் கீழே இறங்கவில்லை. பம்பு ஓடுகிறது, கேஜில் பிரஷரும் காட்டுகிறது. சிலிண்டரைக் கழற்றிவிடலாம் என்று ஸ்பானரை எடுத்துவிட்டார்கள். கழற்றி மாட்ட அரை நாள் ஆகும். இவர் சீனியரிடம் கேட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வால்வின் முனையிலுள்ள சிறு பின்னை அழுத்திப் பார்த்தார். பிரஸ் இறங்கியது. அப்படியென்றால் எண்ணெய்ப் பக்கம் பழுதில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், சொலினாய்டு காயிலுக்கு வர வேண்டிய 24 வோல்ட் வரவில்லை. ஒயர் அசைந்து அசைந்து, மேலுறை நன்றாக இருக்க, உள்ளே அறுந்துபோயிருந்தது. மெக்கானிக்கல்காரர் எலெக்ட்ரிக்கலைக் கை காட்டுவார், எலெக்ட்ரிக்கல்காரர் மெக்கானிக்கலைக் கை காட்டுவார். நடுவில் மெஷின் நிற்கும். இரண்டும் தெரிந்தவருக்கு அதனால்தான் மதிப்பு.

எலெக்ட்ரீசியன், ஃபிட்டர் இரண்டுமே 2 ஆண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வயர்மேனுக்கு எட்டாம் வகுப்பு போதும். ஃபிட்டர் பாடத்தில் இரண்டாம் ஆண்டில் ஹைட்ராலிக்ஸும் நியூமேடிக்ஸும் வரும். எலெக்ட்ரீசியனில் மோட்டாரும் பானல் வயரிங்கும் வரும். எதை எடுத்தாலும், நேரம் கிடைக்கும்போது பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலும் போய் நின்று கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. நமக்குரிய 3.5 சதவீத இட ஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும். அந்தத் தாய்க்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: பத்தாம் வகுப்புக்குப் பின் 2 ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கிருந்து பொறியியல் கல்லூரிக்கும் போகலாம். டிகிரிக்குப் போகும் கதவு அடைபடவில்லை.

படித்து முடித்ததும் கிடைத்த வேலைக்குப் போய்விடாமல் அப்ரண்டிஸ் பயிற்சியையும் முடிக்க வேண்டும். 30 அல்லது அதற்கு மேல் ஆட்கள் உள்ள நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்பது சட்டம். சேரும்போதே ஜும்ஆ நேரத்தைப் பற்றிப் பேசிவிடுவது நல்லது. ஷிப்ட் போட்ட பிறகு கேட்டால் சங்கடம்.

இனிச் சொல்வதைப் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும். ஹைட்ராலிக் ஹோஸில் கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளை வழியே வரும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியே எறும்பு கடித்தது போல ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூட இருக்காது. அதை விட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டைத் துண்டை நீட்டித்தான் கசிவைப் பார்க்க வேண்டும். எண்ணெய் பாய்ந்துவிட்டால் வீட்டில் மருந்து தடவிக் காத்திருக்காமல், உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், "பிரஷர் எண்ணெய் உள்ளே போய்விட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பம்பை நிறுத்திவிட்டதாலேயே பிரஷர் போய்விடாது. அக்யுமுலேட்டரிலும், தூக்கி நிற்கும் பாரத்தின் அடியிலும் அது அப்படியே காத்திருக்கும். பாரத்தைக் கீழே இறக்கி, கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகுதான் நட்டில் ஸ்பானரை வைக்க வேண்டும். மின்சாரத்துக்கும் இதே ஒழுங்குதான். மெயினை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு, மீட்டரால் சோதித்த பிறகே 415 வோல்ட் பானலில் கை வைக்கலாம். "அண்ணன் ஆஃப் பண்ணிட்டேன்னாரு" என்பதை நம்பிக் கை வைக்கக் கூடாது.

தாவூத் நபி (அலை) அவர்கள் இரும்பில் கவசம் செய்து தம் கையுழைப்பில் உண்டவர்கள் என்பது மதரசாவில் எல்லோரும் ஓதியதுதான். பெண் பார்க்கும் வீடுகளிலும் இதைக் கொஞ்சம் நினைவுபடுத்துங்கள்.

இவ்வாண்டு ஐ.டி.ஐ. சேரும் மாணவருக்கு மல்டிமீட்டரும் பாதுகாப்பு ஷூவும் டிரஸ்ட் சார்பில் வழங்க இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் நகல்களுடன் பெற்றோரும் பையனும் சேர்ந்தே வாருங்கள். ஷூ அளவையும் குறித்து வாருங்கள். சென்ற முறை அளவு தெரியாமல் வாங்கிய சில ஜோடிகள் இன்னும் அலமாரியில்தான் கிடக்கின்றன.