கடன்பட்டோரும் ஒரு கட்சியின் மௌனமும்

திருவண்ணாமலையில் இரமணாசிரமத்தையொட்டிச் செல்லும் செங்கம் சாலையில் சிறு வணிகம் நடத்தும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். மலைவலம் வருவோரை நம்பி, குடியிருக்கும் வீட்டை வங்கியில் அடமானம் வைத்து, வாடகை அறைகள் சில கட்டுகிறார். 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் நிகழ்ந்ததுபோல் மலைவலம் தடைப்பட்டு, வருவாய் நின்றுபோகிறது. தவணை 90 நாட்களுக்கு மேல் தவறினால் அக்கடன் வாராக்கடனாகிறது. 60 நாட்களுக்குள் நிலுவை முழுவதையும் செலுத்துமாறு வங்கி அறிவிப்பு அனுப்புகிறது. செலுத்தாவிடில், நீதிமன்றத் தீர்ப்பு எதுவுமின்றி வீட்டைக் கைப்பற்றி விற்கலாம். மாவட்ட ஆட்சியரின் துணையையும் கோரலாம். உரிமையியல் நீதிமன்றம் இதில் தலையிட இயலாது.

இவ்வதிகாரத்தை வழங்கியது, சர்ஃபேசி எனப்படும் 2002ஆம் ஆண்டின் சட்டம். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீடித்தமையால் பெருங்கடனாளிகள் தப்பினர் என்பதும், வங்கியிலுள்ள பணம் எளியோரின் சேமிப்புமாகும் என்பதும் இதற்குக் கூறப்பட்ட நியாயங்கள். அவை புறக்கணிக்கத்தக்கவை அல்ல. ஆயினும், கடனாளி தீர்ப்பாயத்தில் முறையிட விரும்பினால், கோரப்பட்ட தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்டவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. கட்ட இயலாமையால் வீட்டை இழப்பவன் எங்ஙனம் அதனைக் கட்டுவான்?

அன்று நடுவண் அரசில் திராவிட முன்னேற்றக் கழகம் பங்கேற்றிருந்தது. திருவண்ணாமலை அடங்கியிருந்த திருப்பத்தூர் மக்களவைத் தொகுதியின் உறுப்பினரும் அக்கட்சியினரே. அமைச்சரவையின் முடிவுக்கு அதில் அமர்ந்திருப்போர் அனைவரும் பொறுப்பாவர். இச்சட்டத்தை முன்னிட்டு அக்கட்சி அரசிலிருந்து விலகவில்லை. 2003 டிசம்பரில் விலகியதும் வேறு காரணங்களுக்காகவே. 2004இல் அமைந்த புதிய அரசிலும் அது பங்கேற்றது. அவ்வரசு பொடா சட்டத்தை நீக்கியது, சர்ஃபேசி நிலைத்தது.

75 விழுக்காட்டு விதியை நீக்கியது எந்தக் கட்சியுமன்று. மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004 ஏப்ரலில் உச்சநீதிமன்றமே அதனைச் செல்லாததாக்கியது. மக்கள் பிரதிநிதிகள் கேட்டிருக்க வேண்டிய வினாவை நீதிபதிகள் கேட்டனர். விளைநிலத்திற்கும் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடனுக்கும் சட்டம் விலக்களித்துள்ளது. எளியோரை நினைத்தால் விலக்கு இயலும் என்பதற்கு இதுவே சான்று. குடியிருக்கும் ஒரே வீட்டிற்கு அத்தகைய விலக்கு இல்லை. பெருங்கடனாளிகளை நோக்கி எழுந்த இவ்வதிகாரம் மேலும் கீழிறங்கியது. வங்கியல்லாத பெரிய நிதி நிறுவனங்கள் முதலில் ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கடன்களுக்கே இதனைப் பயன்படுத்த இயன்றது. அவ்வரம்பு 2020இல் 50 இலட்சமாகவும், 2021இல் 20 இலட்சமாகவும் குறைக்கப்பட்டது.

கட்சிகள் எக்காலத்தும் இவ்வாறே இருந்தன என்று கூறவியலாது. 1938இல் இராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை சென்னை மாகாணத்தில் உழவர் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. 1932 அக்டோபருக்கு முற்பட்ட கடன்களில் 1937 அக்டோபர் முதல் நாளன்று நிலுவையிலிருந்த வட்டி அதனால் நீங்கியது. அக்கடன்களில் முதலைப்போல் இருமடங்கு செலுத்தியவரின் கடன் தீர்ந்ததாகக் கருதப்பட்டது. கடன் கொடுத்தோர் செல்வாக்குடையோராயிருந்தும், சட்டம் கடன்பட்டோர் பக்கம் நின்றது.

அடகுப் பொருளை வாங்க வருபவன் கடனாளியின் வீட்டினுள் நுழையாது வெளியே நிற்கவேண்டும் என்று உபாகமம் 24ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. கடன் திருப்பப்படவேண்டும் என்பதை அது மறுக்கவில்லை. கடனாளியின் வாசற்படிக்கு ஒரு மாண்பு உண்டு என்கிறது. வயல்களும் வீடுகளும் அடகில் மூழ்கியபோது, நெகேமியா தன்னோடு ஆட்சியில் அமர்ந்திருந்த பிரபுக்களையே சபையின் முன் கடிந்துகொண்டான். கூட்டணியினுள் இருப்பவர் எவ்வாறு பேசவேண்டும் என்பதற்கு அது முன்மாதிரியாகும்.

ஆயர்களுக்கு அண்மையிலுள்ள கடமையும் ஒன்றுண்டு. அறிவிப்பைப் பெற்றவர் வெட்கத்தால் அதனை மறைத்துவைப்பது வழக்கம். 60 நாட்களுக்குள் வங்கிக்கு எழுத்துமூலம் மறுப்புத் தெரிவிக்கலாம் என்பதையும், கைப்பற்றும் நடவடிக்கை எடுக்கப்பட்டபின் 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம் என்பதையும் நாம் அறிந்திருந்தால், காலங்கடக்குமுன் அவருக்கு எடுத்துரைக்கலாம். தமிழகத்தில் இத்தீர்ப்பாயங்கள் சென்னை, கோவை, மதுரை ஆகிய நகர்களிலேயே உள்ளன. அத்தொலைவுக்கு அவரோடு துணைசெல்வதும் ஆயர் பணியே. வாக்குக் கேட்டு வருவோரிடம், குடியிருக்கும் வீட்டிற்கு ஏன் விலக்குக் கோரவில்லை என்று வினவுவதும் அதனைச் சார்ந்ததே.