'நெகட்டிவையே அழிக்கணும்!' - பறிமுதலில் தப்பி ப்ளூ-ரேவுக்கு வந்த ஜெர்மன் திகில் படம்

கோபிசெட்டிபாளையம்னா சினிமாக்காரர்களுக்கு வயலும் வாய்க்காலும் கொடிவேரி அணையும்தான். அந்த ஊரிலும் இன்றைக்கு மொபைலைத் திறந்தால் போதும், பல நாட்டுத் திகில் படங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. 'நெக்ரோமான்டிக் 2' பட்ட பாடு அப்படியல்ல.

யோர்க் புட்கெராய்ட் இயக்கி 1991-ல் வெளியான படம். பிணத்தின் மீது ஆசை கொள்ளும் ஒரு நர்ஸின் கதை. சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிற சமாச்சாரம் இல்லை! வெளியான 12 நாளில் மியூனிக் போலீஸார் பறிமுதல் செய்தனர். ஒரு காட்சியை வெட்டுவதல்ல பிரச்சினை. நெகட்டிவையே அழிக்க வேண்டும் என்றது அரசுத் தரப்பு. 1993-ல், 'இது கலைப்படைப்பு' என்று நீதிமன்றம் சொன்ன பிறகே இயக்குநருக்கு நிம்மதி. 2015-ல் ப்ளூ-ரே வட்டாக வந்தது.

நீதிமன்றம் வரை போய் மீண்ட படம் நம்மிடமும் உண்டு. 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்குக் கிடைத்த 'யு' சான்றிதழை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989-ல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. அது திகில் படமல்ல, இடஒதுக்கீடு பற்றியது.

சரி, இப்போ வீட்டுக்கு வரும் படங்களை யார் பார்த்து அனுப்புறாங்க? தியேட்டருக்கு சென்சார் போர்டு. 'ஏ' சான்றிதழ் படத்தை டி.வி.யில் போட முடியாது. அதனால்தான் வெட்டி, மறு சான்றிதழ் வாங்குகிறார்கள். ஓ.டி.டி.யில் 2021 விதிகளின்படி நிறுவனங்களே வயதுவாரியாகத் தரம் பிரிக்கின்றன. 'யு/ஏ 13+' முதல் பெற்றோர் பூட்டு வசதி தரணும். 'ஏ' என்றால் வயதைச் சரிபார்க்கணும். பூட்டைப் போடுவது மட்டும் வீட்டுக்காரர் வேலை.