வண்டி ஏன் நின்றது?

நம் ஊர்த் தெருக்களில் ஓடும் ஆட்டோ ரிக்‌ஷாவை அறியாதார் இலர். முன்னே ஒரு சக்கரம், பின்னே இரு சக்கரங்கள், ஒரு சிறிய எஞ்சின், ஒரு பாட்டரி, சில கம்பிகள். ஏறக்குறைய இவ்வளவே அதன் உடைமை. ஆயினும் அவ்வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், ஓட்டுநரின் அன்றைய வருமானமும் அதனோடு நின்றுவிடுகிறது. வண்டியை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுபவராயின், மாலையில் செலுத்த வேண்டிய வாடகை மட்டும் நிற்பதில்லை. ஆதலின், வண்டி ஏன் நின்றது என்பதைச் சரியாகக் கண்டறிவது அவருக்கு அன்றாடப் பிழைப்பைப் பற்றிய காரியம். பழுது காணும் இக்கலைக்கு அடிப்படை ஒழுங்காகச் சிந்திக்கும் பழக்கமே. அப்பழக்கம் மெக்கானிக்குகளுக்கு மட்டுமன்றி, உங்களுக்கும் பயன்படும்.

மோட்டார் வாகன வரலாற்றின் முதல் ஏடுகளிலேயே ஒரு முச்சக்கர வண்டி இடம்பெற்றுள்ளது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பார் தாம் அமைத்த மோட்டார் வண்டிக்கு 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் காப்புரிமை கோரினார். அவ்வண்டிக்குச் சக்கரங்கள் மூன்றே. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவியார் பெர்த்தா பென்ஸ், கணவரிடம் முன்கூட்டிச் சொல்லாமலே, தம் இரு புதல்வரோடு அத்தகைய வண்டியொன்றில் மன்ஹைம் நகரிலிருந்து தம் தாயார் வாழ்ந்த ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். தொலைவு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. வழியில் பெட்ரோல் கடைகள் இல்லை; வீஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். எரிபொருள் வரும் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகும் ஊசியால் அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்து மின்சாரம் கசிந்தபோது, காலுறையைப் பிணைக்கும் நாடாவை அதன்மேல் சுற்றினார். பிரேக்கின் கட்டைகள் தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவரைக் கொண்டு அவற்றின்மீது தோல் பதிப்பித்தார் என்பர்.

இவ்வரலாற்றைச் சொல்வோர் ஊசியையும் நாடாவையும் வியந்து பேசுவார்கள். நாமோ அதற்கு முந்திய ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டி நின்றது இரண்டு இடத்திலும் ஒன்றுபோலவே தோன்றியிருக்கும். ஓரிடத்தில் குறை எரிபொருளில், மற்றோரிடத்தில் குறை மின்சாரத்தில் என்று பிரித்தறிந்த பின்னரன்றோ ஊசியும் நாடாவும் பயன்பட்டன!

அப்பயணம் நிகழ்ந்து அறுபது ஆண்டுகள் கழிந்த பின், 1948இல், இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் தன் வெஸ்பா ஸ்கூட்டரின் அமைப்பைத் தழுவி ஒரு முச்சக்கர வண்டியை வெளியிட்டது. வெஸ்பா என்றால் அந்நாட்டு மொழியில் குளவி. புதிய வண்டிக்கு 'ஆப்பே', அதாவது தேனீ, என்று பெயரிட்டார்கள். நம் நாட்டு ஆட்டோ ரிக்‌ஷா அக்குடும்பத்தின் வழிவந்தது. கார்புரேட்டர் பொருத்திய பெட்ரோல் எஞ்சின் உள்ள ஆட்டோ ஒன்றை எடுத்துக்கொண்டு, பழுது காணும் முறையை ஆராய்வோம்.

எஞ்சின் ஓடுவதற்கு மூன்று பொருத்தங்கள் வேண்டும். முதலாவது, காற்றும் பெட்ரோலும் கலந்த தகுந்த கலவை. எடையால் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று ஏறக்குறைய பதினைந்து பங்கு. இரண்டாவது, அக்கலவையைச் சிலிண்டருக்குள் பிஸ்டன் நன்றாக அழுத்துதல். மூன்றாவது, உரிய நொடியில் ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி தோன்றுதல். இம்மூன்றும் இருந்தால் எஞ்சின் ஓடும்; ஓடவில்லையெனில் இவற்றுள் ஒன்றேனும் குறைகிறது என்பது உறுதி. நூறு காரணங்களை மனத்தில் சுமந்து மயங்குவதைவிட, மூன்று வினாக்களை வரிசையாகக் கேட்பது எளிது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், அதன் முனை பல செய்திகளைச் சொல்லும். வெளிறிய பழுப்பு நிறமாயின் எரிதல் செம்மையாக நடந்திருக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது காற்று குறைவு. வெண்மையாக வெந்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. ஸ்டார்ட் செய்ய முயன்ற பின்னும் முனை உலர்ந்தே இருந்தால், பெட்ரோல் வந்து சேரவில்லையோ என்று ஐயுற வேண்டும்.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆட்டோ காலையில் நன்றாகப் புறப்படுகிறது. சில கிலோமீட்டர் சென்றதும் நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் காத்திருந்து முயன்றால் மீண்டும் ஓடுகிறது. பிறகு மறுபடியும் நிற்கிறது. தொட்டியிலோ பெட்ரோல் நிரம்ப இருக்கிறது. காரணம் என்ன?

இதற்குப் பொருந்தும் காரணங்கள் இரண்டைச் சொல்லுகிறேன். பெட்ரோல் தொட்டியின் மூடியில் ஒரு சிறு காற்றுத் துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க, அதன் இடத்தை நிரப்பக் காற்று அத்துளை வழியே உள்ளே புக வேண்டும். துளை தூசியால் அடைபட்டால், தொட்டிக்குள் காற்றழுத்தம் குறைந்து, பெட்ரோல் கீழே இறங்காது. வண்டி நின்றிருக்கும்போது காற்று மெல்லக் கசிந்து புகும். வண்டி மீண்டும் ஓடும். இது ஒரு காரணம். மற்றொன்று, தீப்பொறிக்கு வேண்டிய உயர்ந்த மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயில். அதன் உட்சுற்றுகளில் பழுது இருந்தால், குளிர்ந்த நிலையில் வேலை செய்து, சூடேறியதும் கைவிட்டுவிடும். ஆறியதும் மீண்டும் உயிர் பெறும்.

நோய் இரண்டு, அறிகுறி ஒன்று! இங்கேதான் நிதானம் வேண்டும். வண்டி நின்று கால் மணி நேரம் கழித்து ஒருவர் மூடியைத் திறக்கிறார், வண்டி ஓடுகிறது. "மூடியே குற்றவாளி" என்று அவர் தீர்ப்புச் சொன்னால் அது பிழையாகலாம். அந்தக் கால் மணி நேரத்தில் காயிலும் ஆறியிருக்குமே! ஆகவே, வண்டி நின்ற அக்கணமே மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். காற்று 'உஸ்' என்று உட்புகுந்து, சிறிது நேரத்திலேயே எஞ்சின் ஓடினால் துளையே காரணம். மூடியைத் திறந்தும் பயனில்லையாயின், அதனை மீண்டும் மூடிவிட்டு, காயில் ஆறுமுன் தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். தீப்பொறி இல்லையாயின், குறை மின்சாரப் பகுதியில் இருப்பது தெளிவு. காயிலை அதன் பின்னரே மாற்றிப் பார்க்கலாம்.

தீப்பொறிச் சோதனையில் எச்சரிக்கை தேவை. அங்கு எழும் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட். பெட்ரோல் ஆவியோ எளிதில் தீப்பற்றும். பெட்ரோல் சிந்தியிருக்கும் இடத்தில் இதனைச் செய்தலாகாது. பழகியவர் உடனின்றி நீங்கள் முயலவும் வேண்டா.

மேற்சொன்ன கணக்கிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. பழுது நிகழும் நேரத்திலேயே சோதிக்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது மற்றொன்று. பிளக், காயில், கார்புரேட்டர் மூன்றையும் ஒருங்கே மாற்றினால் வண்டி ஓடக்கூடும்; ஆனால் எதனால் ஓடியது என்று ஒருவருக்கும் தெரியாது. துளையில் குத்த ஓர் ஊசி போதுமாயிருந்த இடத்தில், ஓட்டுநரின் பல நாள் சம்பாத்தியம் கரைந்துபோகும்.

அடுத்து விளக்குகளைக் கவனிப்போம். பாட்டரியால் எரியும் விளக்கொன்று எரியவில்லை. பாட்டரி முனை, பியூஸ், ஸ்விட்சுக்கு வரும் கம்பி, ஸ்விட்ச், பல்புக்குச் செல்லும் கம்பி, பல்பு தாங்கி, பல்பு, வண்டியின் உடலோடு சேரும் இணைப்பு என மின்சாரத்தின் பாதையில் எட்டுப் பகுதிகள் உள்ளன. முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஏழு சோதனைகள் வரை ஆகலாம். நடுவில், அதாவது ஸ்விட்சைத் தாண்டிய இடத்தில், ஒரு சோதனை விளக்கை வைத்துப் பாருங்கள். அது எரிந்தால் முன்பாதி நலம்; பழுது பின்பாதியில். அப்பாதியையும் இரண்டாகப் பிரியுங்கள். எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். பழுது ஒன்றேயாயின் மூன்று சோதனைகளில் அது அகப்பட்டுவிடும். நீங்கள் கணக்குப் புத்தகத்தில் கற்கும் இரண்டின் அடுக்கு, தெருவோரத்தில் பயன்படும் விதம் இது.

பியூஸ் எரிந்துபோனால் அதன் இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது காவற்காரனின் வாயைக் கட்டுவது போன்றது. எங்கோ கம்பி உராய்ந்து வண்டியின் உடலைத் தொடுகிறது என்பதையே பியூஸ் நமக்கு அறிவிக்கிறது. அதனைக் கேளாவிட்டால் அடுத்து எரிவது கம்பியாக இருக்கும். அதற்கடுத்து வண்டியாகவும் இருக்கலாம்.

பாட்டரியும் இவ்வாறே. 12 வோல்ட் ஈயப் பாட்டரி முழு மின்னேற்றத்துடன் ஓய்ந்திருக்கையில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது அது 14 வோல்ட்டை ஒட்டி உயர வேண்டும். உயரவில்லையெனில், பாட்டரிக்கு மின்சாரம் வந்து சேரவில்லை. அந்நிலையில் புதிய பாட்டரி வாங்கினாலும் சில நாளில் அதுவும் ஓய்ந்துவிடும். வற்றிய குளத்தைப் பழிப்பதற்கு முன் வாய்க்காலைப் பார்க்க வேண்டும் அல்லவா?

இயந்திரப் பகுதிகளிலும் இதே வழிதான். எஞ்சின் இரைந்து ஓடியும் வண்டி வேகம் கொள்ளவில்லையா? கிளட்ச் நழுவுகிறது, முதலில் அதன் கேபிள் மிகையாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கியர் மாற்றுவது கடினமாயிருக்கிறதா? கேபிள் தளர்ந்து, கிளட்ச் முழுதும் விலகாமலிருக்கலாம். செலவில்லாத சோதனையை முதலிலும், செலவு மிக்கதைக் கடைசியிலும் செய்வதே முறை.

ஆனால் பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் குறை தோன்றினால், எப்படியாவது வீடுவரை ஓட்டிச் செல்லலாம் என்று எண்ணலாகாது. முன்னே ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டி, திருப்பத்தில் திடீரென்று பிரேக் போட்டால் எளிதில் கவிழக்கூடியது. எஞ்சின் பழுதானால் வண்டி நிற்கும். பிரேக் பழுதானால் வண்டி நிற்காது. பின்னதற்கே நாம் அஞ்ச வேண்டும்.

இன்று எரிவாயுவால் ஓடும் ஆட்டோக்களும், முழுதும் மின்சாரத்தால் ஓடுவனவும் பெருகியுள்ளன. மின்சார ஆட்டோவில் பிளக்கும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. கருவிகள் மாறலாம், முறை மாறுவதில்லை. இன்றியமையாதவை எவையென்று எண்ணுதல், பாதியாகப் பிரித்தல், ஒன்றை மட்டும் மாற்றுதல், கண்டதைக் குறித்து வைத்தல் ஆகிய நான்கும் எந்த வண்டிக்கும் பொருந்தும். அடுத்த முறை உங்கள் சைக்கிள் விளக்கோ வீட்டு மின்விசிறியோ நின்றுபோனால், ஸ்விட்சை அணைத்துவிட்டு, கையில் கருவியை எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். அது இயங்குவதற்கு என்னென்ன வேண்டும் என்று வரிசையாக எழுதுங்கள். பழுதில் பாதி அந்தத் தாளிலேயே விளங்கிவிடும்.