நூலகரின் ஒரு நாளும் நமது தமிழ் அலமாரியும்

நூலகர் என்றால் மேசையில் இருந்து முத்திரை குத்துபவர், சத்தம் போடும் பிள்ளைகளை அடக்குபவர் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இன்னமும் இருக்கிறது. ஊரில் வாசிகசாலைக்குப் போய்ப் பத்திரிகை பார்த்துவிட்டு வந்த தலைமுறைக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் கனடாவில் ஒரு பொது நூலகரின் நாள் வேறு மாதிரியானது. அந்த நாளில் எடுக்கப்படும் சில முடிவுகள் நமது மொழியையும் தொடுகின்றன.

நான் ஒரு கணக்காளர். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வரிப்படிவம் நிரப்பிக் கொடுக்கும் தொண்டர் முகாம்கள் இங்கே நூலகங்களிலும் நடக்கின்றன. அவற்றில் உதவிய காலங்களில் இந்த வேலையை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ரொறொன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள் உண்டு. நகரில் வசிப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் படிப்பவருக்கும் அங்கத்துவ அட்டை இலவசம். கதவு திறக்கும் முன்பே கிளையில் வேலை தொடங்கிவிடும். இரவில் வெளிப்பெட்டியில் போடப்பட்ட நூல்களைக் கணனியில் வரவு வைக்க வேண்டும். வரவு வைக்காத நூல் கண்முன்னே இருந்தாலும் கணக்கில் அது வெளியேதான். அடுத்து, மற்றக் கிளைகளின் வாசகர்கள் கேட்ட நூல்களைத் தேடி எடுத்துப் பெட்டிகளில் அடுக்க வேண்டும். உதவியாளர்கள் இவற்றைச் செய்ய, நூலகர் அன்றைய நிகழ்ச்சிகளையும் மேசை முறைகளையும் ஒழுங்கு செய்கிறார். இந்த நாட்டில் நூலகர் பதவிக்குப் பொதுவாக முதுகலைப் பட்டம் தேவை. வைத்தியம், பொறியியல், கணக்கியல் என்ற மூன்றையே சுற்றி வரும் நமது வீடுகளில் இதையும் ஒருமுறை சொல்லி வைக்கலாம்.

திறந்த பிறகு மேசைக்கு வரும் கேள்விகள்தான் நாளின் பெரும்பகுதி. ஒரு முதியவர் வந்து வரி பற்றிய புத்தகம் எங்கே என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல நூலகர் உடனே அலமாரியைக் காட்டமாட்டார். எதற்காகத் தேடுகிறீர்கள் என்று மெதுவாகக் கேட்பார். வரித் திணைக்களத்திலிருந்து வந்த கடிதம் ஒன்று அப்போது வெளியே வரும். அவருக்குத் தேவைப்பட்டது புத்தகம் அல்ல, அந்தக் கடிதத்தை விளங்கப்படுத்தும் ஓர் ஆள். இப்படிக் கேட்டு அறிவது நூலகர்களுக்குக் கற்பிக்கப்படும் ஒரு முறை. ஆனால் அவர் வரி ஆலோசனையோ சட்ட, மருத்துவ ஆலோசனையோ சொல்லமாட்டார். அது கிடைக்கும் இடத்தைக் காட்டுவார்.

இன்னொன்றும் உண்டு. யார் என்ன கேட்டார், எந்த நூலை எடுத்தார் என்பதை நூலகர் மற்றவருக்குச் சொல்வதில்லை. இது அந்தத் தொழிலின் அடிப்படை ஒழுக்கம். பெயர்ப் பட்டியல்களுக்கு அஞ்சி வாழ்ந்துவிட்டு வந்த நமக்கு இது சிறிய விடயம் அல்ல.

முற்பகலில் குழந்தைகளுக்குக் கதை நேரம் நடக்கும். தொலைபேசியில் அழைத்துக் கதை கேட்கும் சேவையும் இந்த நூலகத்தில் உண்டு. அதன் மொழிகளில் தமிழும் ஒன்று. பாடசாலை விட்டதும் பிள்ளைகள் வந்து சேர்வார்கள். மாலையில் புதிதாக வந்தவர்களுக்கான ஆங்கில உரையாடல் வட்டமோ வேறு கூட்டமோ இருக்கும். இடையில் அச்சியந்திரம் சிக்கிக்கொள்ளும், யாரோ கடவுச்சொல்லை மறந்துவிடுவார்கள். அதற்கும் அவரைத்தான் தேடுவார்கள்.

இவற்றுக்கிடையே கிடைக்கும் அமைதியான ஒரு மணித்தியாலத்தில்தான் நமக்கு முக்கியமான வேலை நடக்கிறது. அதுதான் நூல்களைக் களைதல். அலமாரியின் நீளம் கூடாது, புதிய நூல்களோ வந்துகொண்டே இருக்கும். ஆகவே பழுதானவை, தகவல் காலாவதியானவை, நெடுநாள் எவரும் எடுக்காதவை ஆகியவற்றைப் பிரித்தெடுத்து நீக்குகிறார்கள். பொது நூலகங்கள் எங்கும் கடைப்பிடிக்கும் வழக்கம் இது.

வணிகவியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. சரக்கிருப்பு எத்தனை தடவை புரள்கிறது என்று நாம் பார்ப்பதுபோல, நூல் எத்தனை தடவை வெளியே போய் வந்தது என்று நூலகர் பார்க்கிறார். உதாரணமாக, ஒரு அலமாரியில் 200 நூல்கள் இருந்து ஆண்டில் 600 தடவை இரவல் போனால் புரள்வு 3. அதே அலமாரியில் 50 தடவை மட்டும் போனால் புரள்வு கால். இரண்டாவது அலமாரிக்கு மேலும் பணம் கேட்பது நூலகருக்குக் கடினம்.

நூல்கள் நீக்கப்படுகின்றன என்று கேட்டால் நமக்கு மனம் பதறும். 1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்த நினைவோடு வாழும் சமூகம் நாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அங்கே வாசகர்கள் இருந்தார்கள், நூல்களை அழித்தார்கள். இங்கே நூல்கள் இருக்கின்றன, வாசகர் வராவிட்டால் அவை போய்விடும்.

யாழ்ப்பாண நூலகம் உருவானபோது அதற்கு ஆலோசனை சொன்னவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். 1931 இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளை உலகெங்கும் நூலகத்துறை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். நூல்கள் இருப்பது பயன்படுவதற்கே என்பதுதான் அவரின் முதல் விதி. களைதலும் அந்த விதியிலிருந்து வருவதுதான்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை எளிமையானவை. முதலாவது, தமிழ் நூலை அங்கேயே புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப அடுக்கினால் அந்த வாசிப்பு பெரும்பாலும் எங்கும் பதிவாகாது. அட்டையில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வழமையான தவணை மூன்று வாரம். பிந்தினால் தண்டப்பணம் வரும் என்று பயந்து எடுக்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். ரொறொன்ரோவில் அந்தத் தண்டப்பணம் 2022 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. தொலைத்தால் விலை கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, உங்கள் கிளையில் இல்லாத தமிழ் நூலை வேறு கிளையிலிருந்து கேட்டு எடுங்கள். எங்கும் இல்லாவிட்டால் வாங்கும்படி பரிந்துரை செய்யுங்கள். அந்த வேண்டுகோள்தான் நூலகர் கையில் சான்றாக இருக்கும். மூன்றாவது, பேரப்பிள்ளைகளின் அட்டையிலும் ஒரு தமிழ்ப் படப்புத்தகம் பதியட்டும். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் அம்மம்மா வாசித்துக் காட்டலாம்.

வேறு நகரங்களில், வேறு நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் நூலகத்தின் விதிகளை மேசையில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். கேள்வி கேட்பவரை நூலகர் தொந்தரவாக நினைப்பதில்லை; அவரின் வேலையே அதுதான். அடுத்த ஆண்டு தமிழ் அலமாரியின் முன் அவர் பட்டியலோடு நிற்கும்போது, அதில் உங்கள் வீட்டு இரவலும் ஒன்றாக இருக்கட்டும்.