அணுக்கக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வழிப்படுத்தல் நெறிமுறைகளை அனுமதித்தல்

ரவுட்டர் எனப்படும் திசைவியின் இடைமுகங்களில் எந்தப் பொதி உள்ளே வரலாம், எது வெளியே செல்லலாம் என்பதைத் தீர்மானிக்கும் விதிகளின் தொகுப்பு அணுக்கக் கட்டுப்பாட்டுப் பட்டியல் ஆகும். இதனைப் பயன்படுத்தும்போது, திசைவிகள் தமக்குள் வழித்தகவல்களைப் பரிமாறிக்கொள்ளும் வழிப்படுத்தல் நெறிமுறைகளின் பொதிகளுக்கும் அனுமதி வழங்கவேண்டும். இல்லையெனில் அயல் திசைவியுடனான உறவு அறுந்து, அதன்வழி அறியப்பட்ட வலையமைப்புகள் எட்டாமற் போகும்.

காரணம்

சிஸ்கோ திசைவிகளில் விதிகள் மேலிருந்து கீழாக ஒப்பிடப்படுகின்றன. முதலில் பொருந்தும் விதியே செயற்படும். எதுவும் பொருந்தாவிடின், பட்டியலில் எழுதப்படாத இறுதி விதியொன்று பொதியை மறுத்துவிடும். இணையப் பக்கங்களுக்கான போக்குவரத்தை மட்டும் அனுமதிக்க எழுதப்பட்ட பட்டியல், வழிப்படுத்தல் பொதிகளையும் தடுத்துவிடுவது இதனாலேயே. வெளிச்செல்லும் திசையில் இடப்படும் பட்டியல் அத்திசைவி தானே உருவாக்கும் பொதிகளைப் பொதுவாகத் தடுப்பதில்லை. ஆகவே சிக்கல் பெரும்பாலும் உள்வரும் திசையில் எழுகிறது.

தவறு உடனே புலப்படுவதில்லை. ஈத்தர்நெட் இணைப்பில் ஓஎஸ்பிஎஃப் இயல்பாக 10 நொடிக்கு ஒருமுறை 'ஹலோ' பொதியை அனுப்பும். 40 நொடிகள் ஒன்றும் வராதபோதே அயல் திசைவி செயலிழந்ததாகக் கொள்ளும். பிஜிபிக்குச் சிஸ்கோவின் இயல்பான காத்திருப்பு 180 நொடிகள். பட்டியலை இட்டவுடன் சோதித்து நிறைவடையும் நிர்வாகி, மூன்று நிமிடங்களுக்குள் அத்திசைவியைத் தொலைவிலிருந்து அணுகும் வழியையே இழக்கக்கூடும்.

அனுமதிக்க வேண்டியவை

ரிப் நெறிமுறை யூடிபி 520ஆம் துறையைப் பயன்படுத்துகிறது. அதன் இரண்டாம் பதிப்பு 224.0.0.9 என்ற பல்முனை முகவரிக்கு அனுப்பும். பிஜிபி டிசிபி 179ஆம் துறையில் இயங்குகிறது. இணைப்பை இரு பக்கத்தினரில் எவரும் தொடங்கலாம் என்பதால், 179 அனுப்பும் துறையாகவும் பெறும் துறையாகவும் வரும் இருவகைப் பொதிகளையும் அனுமதிக்கவேண்டும்.

ஈஐஜிஆர்பி, ஓஎஸ்பிஎஃப் ஆகியவற்றுக்குத் துறை எண்களே இல்லை. இவை ஐபியின் மேல் நேரடியாக, முறையே 88, 89 என்ற நெறிமுறை எண்களுடன் செல்கின்றன. 89ஐ டிசிபி துறையெனக் கருதி விதி எழுதுவது பயனற்றது.

ஓஎஸ்பிஎஃப்பில் 224.0.0.5, 224.0.0.6 ஆகிய பல்முனை முகவரிகளை மட்டும் அனுமதிப்பதும் போதாது. ஈத்தர்நெட்டில் ஹலோ பொதிகள் அவ்வழியே வந்தாலும், தரவுத்தள விவரிப்புப் பொதிகள் அயல் திசைவியின் தனி முகவரிக்கே அனுப்பப்படும். அவை தடுக்கப்பட்டால் உறவு 'எக்ஸ்ஸ்டார்ட்' நிலையிலேயே தேங்கிநிற்கும். இணைப்பு உயிருடன் இருப்பதுபோலத் தோன்றுவதால், நிர்வாகிகளை அதிகம் அலைக்கழிக்கும் பிழை இதுவெனலாம்.

ஐஎஸ்-ஐஎஸ் ஐபியின் மேல் செல்வதில்லை. ஐபி பட்டியல்கள் அதனைத் தொடுவதில்லை.

பாதுகாப்பு

அனுமதி, அறியப்பட்ட அயல் திசைவிகளின் முகவரிகளுக்கு மட்டும் அளிக்கப்படுவது நன்று. எனினும் அனுப்புநர் முகவரியைப் போலியாக இடமுடியும். இதனை எதிர்கொள்ள, நேரடியாக இணைந்த அயலார் 255 என்ற வாழ்நாள் மதிப்புடன் பொதியை அனுப்பும் முறை 2007இல் ஆர்எஃப்சி 5082 ஆக வெளியானது. ஒவ்வொரு திசைவியைக் கடக்கும்போதும் இம்மதிப்பு ஒன்று குறைவதால், தொலைவிலிருந்து வரும் போலிப் பொதி 255 உடன் வந்துசேர இயலாது.