பழைய பிக்கப்புக்குப் பின்னால் ஒரு கண்

ஊரில் லொறியைப் பின்னுக்கு எடுப்பதென்றால் கிளீனர் பொடியன் குதித்து இறங்கிப் பின்னால் போய் நிற்பான். "வரட்டும்... வரட்டும்... போதும்!" என்று பெட்டியில் தட்டித் தட்டிச் சொல்லுவான். சாரதி அந்தத் தட்டலை நம்பித்தான் ஸ்ரேறிங்கைத் திருப்புவார். இங்கே கிளீனரும் இல்லை, தட்டிச் சொல்ல ஆளும் இல்லை. விடியப்புறம் நாலு மணிக்குப் பனி வழிக்கப் போகிறவர் தனியேதான் வாகனத்தைப் பின்னுக்கு எடுக்க வேண்டும்.

ரொறன்ரோப் பக்கம் குடியேறிய எம்மவர் பலர் பக்டரி வேலையோடு இன்னொரு சிறு வேலையும் பார்க்கிறோம். பனி வழித்தல், புல் வெட்டுதல், கூரை வேலை, வீடு மாறுகிறவர்களின் சாமான் ஏற்றுதல் என்று எதுவானாலும் ஒரு பிக்கப் ட்றக் வேண்டும். புதியது எங்களுக்குக் கட்டாது. ஆகவே 2005, 2008 மாடல் என்று பழையதைத்தான் வாங்குகிறோம். எஞ்சின், துரு, ரயர் எல்லாம் பார்த்துப் பேரம் பேசுகிறோம். பின்னுக்கு என்ன தெரிகிறது என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

கனடாவிலும் அமெரிக்காவிலும் 2018 மே மாதத்திலிருந்து உற்பத்தியாகும் கார், வான், பிக்கப் எல்லாவற்றிலும் பின்பார்வைக் கமரா இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு முந்தியவற்றில் சிலவற்றில்தான் இருக்கும். இந்தச் சட்டம் வந்த கதை எங்களைப் போன்ற பெற்றோர் அறிய வேண்டியது. 2002இல் நியூயோர்க் பக்கத்தில் ஒரு தகப்பன், பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டொக்டர், தன் வீட்டு ட்றைவேயில் வாகனத்தைப் பின்னுக்கு எடுத்தபோது இரண்டு வயது மகன் அதில் அகப்பட்டு இறந்துபோனான். கண்ணாடி பார்த்து, திரும்பிப் பார்த்துத்தான் எடுத்தார். அந்தப் பிள்ளையின் பெயராலேயே 2008இல் அமெரிக்காவில் சட்டம் நிறைவேறியது. 2014இல் அந்த அரசு விதியை வெளியிட்டபோது சொன்ன கணக்கு இது: வருடத்துக்குச் சராசரி 210 பேர் இப்படிப் பின்னுக்கு எடுக்கும் வாகனங்களால் இறக்கிறார்கள். அவர்களில் 31 வீதம் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், 26 வீதம் எழுபது வயதைத் தாண்டியவர்கள். ஒரே வீட்டில் பேரப்பிள்ளையும் அம்மம்மாவும் இருக்கிற எங்கள் குடும்பங்களுக்கு இந்த இரண்டு கணக்கும் பொருந்தும்.

மூன்று வயதுப் பிள்ளையின் உயரம் 95 சென்ரிமீற்றர் அளவு. பெரிய பிக்கப் ஒன்றின் பின்கதவு மேல்விளிம்போ நிலத்திலிருந்து ஏறத்தாழ 140 சென்ரிமீற்றர். பிள்ளை கதவோடு ஒட்டி நின்றால் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. இரண்டடி தள்ளி நின்றாலும் தெரியாது. பேஸ்மென்றில் ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம், இருவருக்கும் ஒரே ட்றைவே என்று இருக்கிற வீடுகளில் யாருடைய பிள்ளை எப்போது வெளியே ஓடி வரும் என்று யாருக்குத் தெரியும்?

கடையில் இரண்டு வகைச் சாமான் கிடைக்கும். ஒன்று பீப் பீப் என்று கத்தும் சென்சர், மற்றது கமரா. விலையைப் பார்த்து எம்மவர் முதலில் எடுப்பது சென்சர்தான். நாலு குமிழும் ஒரு சின்னப் பெட்டியும் மலிவாகவே வரும். இது வௌவால் மாதிரி வேலை செய்கிறது. காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிலாவது பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கிறது. சுவர், வேறு வாகனம், தூண் என்றால் நன்றாகப் பிடிக்கும். மெல்லிய கம்பியையும், குமிழின் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறதையும் விட்டுவிடலாம். தடித்த குளிர் ஜக்கெற் ஒலியை உறிஞ்சிவிடும். அந்த ஜக்கெற் போட்ட பிள்ளையை அது பிடிக்கும் என்று நம்பி இருக்கக்கூடாது.

பிக்கப்புக்கு இன்னும் இரண்டு தொல்லை உண்டு. கார் பம்பர் பிளாஸ்ரிக். பழைய பிக்கப்பின் பம்பர் இரும்பு, மேலே குறோம் பூச்சு. அதில் துளை போட்டால் வெட்டுவாய் துருப்பிடிக்கத் தொடங்கும், றோட்டு உப்பு பட்டால் கேட்கவே வேண்டாம். துளைத்தவுடன் வெட்டுவாய்க்குப் பெயின்ற் பூச வேண்டும். குமிழைச் சுற்றி றப்பர் வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் இரும்பின் அதிர்வே அதைக் குழப்பும். பம்பரின் உட்புறம் ஒட்டுகிற நாடா மாதிரியான ஒரு சென்சரும் விற்கிறார்கள். துளையே தேவையில்லை என்று ஆசைகாட்டும். அது பிளாஸ்ரிக் பம்பருக்கு மட்டுந்தான், இரும்புக்குப் பின்னால் வேலை செய்யாது. மற்றத் தொல்லை, ட்றெயிலர் இழுக்கும் கொழுவி. நடுவில் நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தக் குண்டை நடுச் சென்சர்கள் தடை என்று நினைத்து ஓயாமல் கத்தும். இழுக்காத நாட்களில் கொழுவியைக் கழற்றி வைப்பது நல்லது. முழங்காலுக்குக் கீழே இடிபடுகிறதும் மிச்சம்.

கமரா எங்கே பூட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் அதிக வாக்குவாதம். பின்கதவுக் கைபிடியோடு சேர்ந்த கமரா பார்க்க வடிவு, உயரத்திலிருந்து பார்ப்பதால் படமும் நல்லது. ஆனால் எட்டடிப் பலகையோ ஏணியோ ஏற்றிக் கதவைக் கீழே விட்டுவிட்டால் அது நிலத்தைத்தான் பார்க்கும். வேலைக்குப் போகிறவர் பாதி நாள் கதவு திறந்துதான் ஓடுகிறார். தவிர, ஒவ்வொரு திறப்புக்கும் வயர் மடிந்து நிமிர்ந்து ஒரு நாள் உள்ளே அறுந்துவிடும். ஆகவே எங்கள் அபிப்பிராயம், பம்பரில் நம்பர்த் தகட்டுக்கு மேலே, நடுவில் பூட்டுகிற கமராதான். கதவு திறந்திருந்தால் படத்தின் மேற்பகுதி மறையும், நிலமும் பிள்ளையின் காலும் தெரியும். தகட்டின் குறுக்கே முழு நீளத்துக்கு வருகிற சட்டத்தை வாங்காதீர்கள். ஒன்ராறியோவில் நம்பர்த் தகட்டை எதுவும் மறைக்கக்கூடாது, மறைத்தால் ரிக்கற் வரும். ஒற்றை ஸ்குறூவில் நிற்கிற சின்னக் கமரா போதும்.

"அண்ணை, இது வயர் இல்லாத கமரா எண்டு பெட்டியில போட்டிருக்கு, வாங்கட்டோ?" என்று வேலைத்தலத்தில் புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டார். வயர் இல்லை என்றால் படம் வருகிற வயர்தான் இல்லை. மின்சாரத்துக்கு வயர் எப்படியும் வேண்டும். மலிவான வயர்லெஸ் கமராக்கள் வீட்டு இன்ரநெற் பாவிக்கிற அதே 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் ஓடுகின்றன. நெருக்கமான ரவுன்ஹவுஸ் வரிசையில் படம் துள்ளும், நிற்கும். விலை கூடிய டிஜிற்றல் வகை பரவாயில்லை. ஆனாலும் ஒரு சனிக்கிழமை முதுகு நோவைத் தாங்கிக்கொண்டு வயர் இழுப்பதுதான் எங்கள் தெரிவு.

வாங்குவதற்கு முன் ஒரு கயிற்றால் அளந்து பாருங்கள். பெட்டியில் வருகிற வயர் பெரும்பாலும் ஆறு மீற்றர் அளவுதான். நாலு கதவுப் பிக்கப்புக்கு அது வளைந்து நெளிந்து போகும்போது காணாது, பத்து மீற்றர் கேளுங்கள். சட்டத்தின் ஓரமாக ஏற்கெனவே போகிற வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். பிறேக் குழாயிலோ பெற்றோல் குழாயிலோ கட்டக்கூடாது, புகைக்குழாயின் பக்கமும் போகக்கூடாது.

கமராவுக்கு மின்சாரம் றிவேர்ஸ் லைற்றிலிருந்து எடுக்க வேண்டும். கியரை றிவேர்சில் போட்டால் லைற்றோடு கமராவும் எரியும். பழைய வாகனமாதலால் முதலில் அந்த லைற் எரிகிறதா என்று பாருங்கள். பல்ப் போயிருக்கும், அல்லது கியர்பெட்டியிலுள்ள சுவிச் பழுதாயிருக்கும். ட்றெயிலருக்கான ஏழு முனைச் சொக்கெற் உள்ள வாகனமென்றால் நடு முனைதான் வழக்கமாக றிவேர்ஸ் இணைப்பு. ரெஸ்ற் லாம்ப் வைத்து உறுதி செய்துகொண்டால் லைற் வயரைக் கிழிக்கத் தேவையில்லை. கண்ணாடிப் பக்கமாக வருகிற படக் கேபிளின் நுனியில் ஒரு மெல்லிய சிவப்பு வயர் தொங்கும். அதை ஸ்கிறீனின் றிவேர்ஸ் வயரோடு சேர்த்தால் ஸ்கிறீன் தானே விழிக்கும். இணைப்புகளைக் கடித்துப் பிடிக்கிற கிளிப்பால் செய்யாமல் ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். கிளிப்புக்குள் உப்புத் தண்ணீர் இறங்கினால் இரண்டு குளிர்காலம் தாங்காது.

ஸ்கிறீன் றிவேர்சில் மட்டும் எரியட்டும். ஓடும்போது சாரதிக்குத் தெரிகிற மாதிரி வேறு படம் காட்டுவது ஒன்ராறியோ வீதிச் சட்டத்தில் குற்றம். பெட்டியில் ஐபி 67 என்று போட்டிருந்தால் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும் என்று அர்த்தம். அதற்குக் குறைந்ததை எங்கள் காலநிலைக்கு எடுக்க வேண்டாம். குளிருக்கு எத்தனை பாகை வரை என்பதையும் பாருங்கள், மைனஸ் இருபதாவது இருக்க வேண்டும்.

பூட்டிய பிறகு படத்தில் இடம் வலம் சரியா என்று பாருங்கள். முகக்கண்ணாடியில் தெரிவது போல வலது பக்கம் நிற்பவர் வலது பக்கமே தெரிய வேண்டும். மாறித் தெரிந்தால் பல கமராக்களில் வயரோடு ஒரு சின்னக் கண்ணி இருக்கும். குறிப்புத்தாளைப் பார்த்து அதை வெட்டினால் திரும்பும். படத்தில் வருகிற சிவப்பு, மஞ்சள் கோடுகள் உங்கள் வாகனத்துக்கு அளந்து போட்டவை அல்ல. ஒரு வாளியைப் பம்பரிலிருந்து ஒரு மீற்றரில் வைத்து எந்தக் கோட்டில் தெரிகிறது என்று பாருங்கள். பிறகு இரண்டு மீற்றரில். பிறகு இரண்டு மூலைகளிலும் வையுங்கள். மூலையில் வாளி தெரியாமல் போகிற இடத்தை மனதில் வைத்திருங்கள். வீட்டில் வாகனம் ஓட்டுகிற மற்றவருக்கும், மனைவியானாலும் தம்பியானாலும், அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள்.

கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் கமராவை வாங்குங்கள். சென்சர் அடுத்த வருடம் போடலாம். பனிக்காலத்தில் கமராக் கண்ணாடியை உப்பு மூடும். கதவில் ஒரு பழைய துணி வைத்திருந்து, ஏறுவதற்கு முன் பின்னால் நடந்துபோய்த் துடையுங்கள். அப்படி நடந்து போகும்போதே பின்னால் சைக்கிள் கிடக்கிறதா, பிள்ளை நிற்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.