உங்களுக்குத் தெரியுமா? யமனை முதலில் கும்பிடும் ஊர்

நன்னிலம் வட்டத்து ஸ்ரீவாஞ்சியத்தில் யமதர்மனுக்குத் தனிச் சந்நிதி உண்டு. குப்தகங்கையில் நீராடி, முதலில் யமனை வணங்கிவிட்டு, பிறகுதான் வாஞ்சிநாதரைத் தரிசிப்பது வழக்கம். யமபயம் நீங்க வேண்டிக்கொண்டு பலர் வருகிறார்கள். பெயரைச் சொல்லவே தயங்கும் ஒருவனின் எதிரே போய் நிற்கச் சொன்ன முன்னோரின் துணிவு வியக்க வைக்கிறது.

மனநலச் சிகிச்சையும் இதையே படிப்படியாகச் செய்யச் சொல்கிறது. மரண பயம் முற்றியவர் துக்க வீட்டுப் பக்கம் போகமாட்டார். அடிக்கடி நாடி பிடித்துப் பார்ப்பார். டாக்டர் நார்மல் என்று சொன்ன பிறகும் இன்னொரு ஈ.சி.ஜி. எடுப்பார். அப்போதைக்குக் கிடைக்கும் அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. அதனால் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் முதலில் இரங்கல் செய்தி ஒன்றை முழுவதும் படிக்கச் சொல்வார்கள். பிறகு துக்கம் விசாரிக்கப் போக, உயில் எழுத. படபடப்பு வரும். ஓடாமல் இருந்தால் தானே தணியும். நாடி பார்க்கும் பழக்கத்தையும் மெல்லக் குறைக்க வேண்டும். மரண பயத்துக்கான பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான அலசல், இந்தச் சிகிச்சைக்கே கூடுதல் பலன் இருப்பதைக் காட்டியது.

1896இல் மதுரையில் 16 வயது வேங்கடராமனை மரண பயம் திடீரென்று பிடித்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல் விறைத்துப் படுத்து, சாவது எது என்று தன்னையே விசாரித்தார். அவர்தான் பின்னாளில் ரமண மகரிஷி.

மரண பயத்தை எல்லோரும் தனியே எதிர்கொள்ள வேண்டியதில்லை. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.